விசிஎஸ்ஸில் ஓடும் யூவிஎம் டெஸ்ட்பெஞ்சை க்வெஸ்டாவுக்கும் எக்ஸ்செலியத்துக்கும் கொண்டுபோவது: எதை முதலில் சரிசெய்வது?

பஸ்_மானிட்டர் கேட்டது:

இதுவரை விசிஎஸ் சிமுலேட்டரில் மட்டுமே ஓடிய ஒரு யூவிஎம் 1.2 டெஸ்ட்பெஞ்சை (சிப் டிசைனைச் சோதிக்க, யூவிஎம் லைப்ரரியை வைத்து சிஸ்டம்வெரிலாக் மொழியில் எழுதிய கோடு) க்வெஸ்டா சிமுலேட்டரிலும், அடுத்து எக்ஸ்செலியம் சிமுலேட்டரிலும் ஓட வைக்க வேண்டும். ஏழு ஏஜென்ட் (ஒரு இன்டர்ஃபேஸை இயக்கிக் கவனிக்கும் பகுதி), ஒரு ரெஜிஸ்டர் மாடல், டிபிஐ (சி கோடை இணைக்கும் வழி) வழியாக வரும் ஒரு சி ரெஃபரன்ஸ் மாடல், ரெக்ரஷனில் (மொத்தமாக ஓட்டும் தொகுப்பில்) 400 டெஸ்ட். டிசைன் கோடில் கைவைக்க அனுமதி இல்லை. க்வெஸ்டாவில் இதுவரை கண்டவை:

1. அதே ஃபைல்லிஸ்ட்தான், ஆனால் பாதி ஃபைல்களில் "மேக்ரோ டிஃபைன் ஆகவில்லை" என்று கம்பைல் நின்றுவிடுகிறது. மேக்ரோ ஃபைல் லிஸ்ட்டில் முதலாவதாகத்தான் இருக்கிறது.

2. அதைத் தற்காலிகமாகத் தாண்டினால், டைம்அவுட் 1 மில்லிசெகண்ட் என்று செட் செய்த டெஸ்டுகள் எல்லாம் 1 மைக்ரோசெகண்டிலேயே டைம்அவுட் ஆகின்றன.

3. ஏபிபி மானிட்டர் (ஏபிபி பஸ்ஸைக் கவனிக்கும் பகுதி) மட்டும் ஒரு சைக்கிள் பழைய டேட்டாவைப் பிடிக்கிறது. மற்ற ஏஜென்ட்களில் இது இல்லை.

4. ரெஜிஸ்டர் பேக்டோர் (பஸ் வழியே போகாமல் டிசைனுக்குள் நேராக) எழுதும் இடத்தில் எரர்.

5. பேட்ச் ஜாப் சில முடிவதே இல்லை. லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

6. சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்) அதேதான், ஸ்டிமுலஸ் (டிசைனுக்குப் போகும் உள்ளீடு) வேறு.

இவற்றை ஐஃப்டெஃப் (நிபந்தனைக் கம்பைல்) போட்டு சிமுலேட்டருக்கு ஒரு வழி என்று பிரித்துவிடலாமா? எந்த வரிசையில் போவது நல்லது?

---

டெல்டா_சைக்கிள்:

ஐஃப்டெஃப் வேண்டாம். அலைவடிவம் பதிவுசெய்யும் $ டாஸ்குகள் கருவிக்குக் கருவி வேறு என்பதால் அதற்கு ஒன்று தேவைப்படும். அதையும் ஒரே ஒரு மாட்யூலுக்குள் அடைத்துவிடுங்கள். மற்றபடி நீங்கள் பட்டியலிட்டதில் பெரும்பாலானவை ஐஇஇஇ 1800 (சிஸ்டம்வெரிலாக்) தரநிலை கருவியின் விருப்பத்துக்கு விட்டுவைத்த இடங்கள். விசிஎஸ் அங்கே எடுத்த முடிவின்மேல் உங்கள் கோடு சாய்ந்து நிற்கிறது. க்வெஸ்டாவுக்கென்று ஒரு ஒட்டுப் போட்டால் எக்ஸ்செலியத்தில் அது வேறு முகத்தோடு திரும்பி வரும். கோடைத் தரநிலைக்குள் கொண்டுவந்துவிட்டால் மூன்றிலும் ஒருசேர ஓடும்.

முதலாவது, கம்பைலேஷன் யூனிட். ஒரே கட்டளையில் கொடுத்த ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டா, ஒவ்வொரு ஃபைலும் தனி யூனிட்டா என்பதில் தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது. எது இயல்புநிலை என்பது கருவியின் கையில். க்வெஸ்டாவின் கம்பைலரான விலாக் ஒவ்வொரு ஃபைலையும் தனி யூனிட்டாக எடுக்கும். முதல் ஃபைல் முடியும் இடத்தில் அதிலுள்ள `டிஃபைன்களும் முடிந்துபோகின்றன. -எம்எஃப்சியூ ஆப்ஷன் கொடுத்தால் எல்லாம் ஒரே யூனிட் ஆகி எரர் மறையும். இன்றைக்கு வேலை நகர அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மேக்ரோ தேவைப்படும் ஒவ்வொரு ஃபைலும் அந்த ஹெடரைத் தானே இன்க்ளூட் செய்ய வேண்டும். ஹெடருக்கு `இஃப்என்டெஃப் காவல் இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஹெடருக்குள் மேக்ரோ மட்டும்தான் இருக்கலாம். ஒரு கிளாஸ் இருந்து, அந்த ஹெடரை இரண்டு பேக்கேஜ்கள் இன்க்ளூட் செய்தால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு டைப்கள் பிறக்கின்றன. எரர் செய்தியில் இரண்டு பக்கமும் ஒரே பெயரைப் போட்டு "டைப் பொருந்தவில்லை" என்று வரும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கிளாஸ் என்றால் ஒரே ஒரு பேக்கேஜில் ஒரே ஒரு முறை. மற்றவர்கள் இம்போர்ட் செய்யட்டும்.

இரண்டாவது, டைம்அவுட். உங்கள் டெஸ்ட் பேக்கேஜின் டைம் யூனிட் 1 நானோசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். செட்_டைம்அவுட்டுக்கு 1எம்எஸ் என்று கொடுத்தால், அந்த லிட்டரல் அழைக்கும் இடத்தின் யூனிட்டில் 10,00,000 என்ற வெறும் எண்ணாக மாறிவிடும். எண் மட்டுமே யூவிஎம் பேக்கேஜுக்குள் போகிறது, யூனிட் கூடவே போவதில்லை. டிலே ஓடுவது அந்தப் பேக்கேஜுக்குள். அது 1 பிகோசெகண்ட் யூனிட்டில் கம்பைல் ஆகியிருந்தால் 10,00,000 பிகோசெகண்ட், அதாவது சரியாக 1 மைக்ரோசெகண்ட். நீங்கள் பார்த்த எண் இதுதான்.

யூவிஎம் சோர்ஸில் `டைம்ஸ்கேல் எழுதப்படவில்லை. அதனால் அதற்கு முன் கம்பைல் ஆன ஃபைலின் `டைம்ஸ்கேல் அதன்மேல் படியலாம், கட்டளைவரியில் கொடுத்தது படியலாம், முன்பே கம்பைல் ஆன லைப்ரரி என்றால் அது எப்படிக் கட்டப்பட்டதோ அப்படி இருக்கும். இதற்குச் செய்ய வேண்டியது: உங்கள் ஒவ்வொரு பேக்கேஜ், இன்டர்ஃபேஸ், மாட்யூலுக்குள்ளும் முதல் வரியாக டைம்யூனிட், டைம்ப்ரிசிஷன் இரண்டையும் எழுதுங்கள், `டைம்ஸ்கேலை நம்பாதீர்கள், ஃபைல் வரிசை மாறினால் அது மாறிவிடும். #10 என்ற இடங்களை #10என்எஸ் ஆக்குங்கள். பிறகு, யூவிஎம் பேக்கேஜின் யூனிட் என்னவென்று $பிரிண்ட்டைம்ஸ்கேல் வைத்து மூன்று கருவியிலும் ஒருமுறை பாருங்கள். +யூவிஎம்_டைம்அவுட் பிளஸ்ஆர்க் வழியாக வரும் எண்ணுக்கும் இதே கதிதான். அதுவும் யூவிஎம் பேக்கேஜின் யூனிட்டில்தான் எண்ணப்படும். சில டிசைன் எலிமென்ட்டுகளுக்கு டைம் யூனிட் இருந்து சிலவற்றுக்கு இல்லாமல் இருப்பதே தரநிலைப்படி பிழை. கருவிகள் அதை எச்சரிக்கையாக இறக்கிவைப்பதால் கண்ணில் படாமல் போகிறது.

மூன்றாவது, ஏபிபி மானிட்டர். கோடைப் பார்க்காமலே சொல்லலாம்: @(பாஸெட்ஜ் விஐஎஃப்.பிக்ளாக்) என்று காத்திருந்துவிட்டு, படிப்பது விஐஎஃப்.சிபி.பிரீடி என்று க்ளாக்கிங் பிளாக் (சிக்னல்களை க்ளாக்குக்கு ஏற்ப சாம்பிள் எடுத்துத் தரும் அமைப்பு) வழியாக இருக்கும். இது ரேஸ், அதாவது எது முந்தும் என்று உறுதியில்லாத நிலை. க்ளாக்கிங் பிளாக் தன் சாம்பிள்களைப் புதுப்பித்த பிறகுதான், அப்சர்வ்ட் ரீஜியனில் (ஒரே நேரப்புள்ளிக்குள் சிமுலேட்டர் வேலையைப் பிரிக்கும் கட்டங்களில் ஆக்டிவுக்குப் பின் வருவது), தன் பெயரிலுள்ள ஈவென்டைக் கிளப்புகிறது. பாஸெட்ஜில் எழுந்த ப்ராசஸ் ஆக்டிவ் ரீஜியனிலேயே படித்துவிடுகிறது. புதிய சாம்பிள் அதற்குள் வந்திருக்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. @(விஐஎஃப்.சிபி) என்று மாற்றுங்கள். ஒரே ப்ராசஸுக்குள் இரண்டு வகைக் காத்திருப்பையும் கலக்காதீர்கள். டிரைவரிலும் தேடுங்கள்: க்ளாக் எட்ஜில் எழுந்து = போட்டு நேரடியாக இன்டர்ஃபேஸ் சிக்னலை எழுதும் வரி ஒன்று இருந்தாலும் அது டிசைன் ஃப்ளாப்போடு (க்ளாக் எட்ஜில் மதிப்பைப் பிடிக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப்) மோதும். சிபி.பிசெல் <= 1 என்பதுதான் பாதுகாப்பு.

இதே குடும்பத்தில் இன்னொன்று டாப் மாட்யூலில் ஒளிந்திருக்கும். டெஸ்ட்பெஞ்ச் பக்கத்தில் க்ளாக்கை இரண்டாக வகுக்கும்போது கை பழக்கத்தில் <= போட்டிருப்பார்கள். அப்படியானால் வகுத்த க்ளாக் என்பிஏ ரீஜியனில் (<= எழுத்துகள் நடக்கும் கட்டத்தில்) உயர்கிறது. மூல க்ளாக்கில் ஓடும் ஃப்ளாப்பின் டேட்டாவும் அதே என்பிஏ ரீஜியனில்தான் மாறுகிறது. எது முந்தும் என்பதைக் கருவி முடிவுசெய்யும், முடிவு கருவிக்குக் கருவி மாறும். க்ளாக் உண்டாக்கும் ஆல்வேஸில் = மட்டும் போடுங்கள். நேரம் 0-இல் எட்ஜ் வராமலும் பாருங்கள்: எக்ஸிலிருந்து (தெரியாத மதிப்பிலிருந்து) 1-க்குப் போவதும் பாஸெட்ஜ்தான்; அந்த எட்ஜை எந்த ஆல்வேஸ் பிடிக்கும், எது தவறவிடும் என்பது துவக்க வரிசையைப் பொறுத்தது.

---

ஃபைல்_லிஸ்ட்:

மேலே சொன்னதோட நான் பில்டு, ரன் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

வரிசை கேட்டீங்க. கம்பைல், எலாபரேஷன் (கம்பைல் ஆனதை ஒரே டிசைனா இணைக்கிறது), ஒரு ஸ்மோக் டெஸ்ட் (அடிப்படை ஓடுதான்னு பார்க்கிற சின்ன டெஸ்ட்), பேக்டோர் டெஸ்ட் ஒண்ணு, டிபிஐ டெஸ்ட் ஒண்ணு, அதுக்கப்புறம் 400. முக்கியமா, இந்த மாற்றம் முடியிற வரைக்கும் யூவிஎம் பதிப்பைத் தொடாதீங்க. 1.2-லிருந்து 1800.2-க்கு (யூவிஎம்மோட ஐஇஇஇ பதிப்பு) தாவுறது தனி வேலை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா எந்தப் பிழை எதனால வந்ததுன்னு பிரிக்கவே முடியாது. லாக் ஆரம்பத்துல யூவிஎம் தன் பதிப்பை அச்சிடும். மூணு கருவியிலயும் 1.2-தான் வருதான்னு முதல்ல உறுதி பண்ணுங்க. க்வெஸ்டா தன் இயல்புநிலை லைப்ரரியை எடுத்துக்கிட்டு, நீங்க நினைச்ச பதிப்பு இல்லாம ஓடிட்டிருக்க வாய்ப்பு இருக்கு.

கருவியோட வர்ற 1.2 லைப்ரரியே போதும், அதுல டிபிஐ பகுதி ஏற்கெனவே கட்டி இருக்கும். சோர்ஸிலிருந்து நீங்களே கட்டினா யூவிஎம்_டிபிஐ.சிசி ஃபைலையும் கம்பைல் பண்ணணும். அந்த சி கம்பைலுக்கு எந்த சிமுலேட்டர்னு சொல்ற டிஃபைனும் போகணும். பேக்டோருக்கான சி கோடு கருவிக்கு ஒரு ஃபைலா பிரிஞ்சிருக்கு, அந்த டிஃபைன் பார்த்துத்தான் சரியானதை எடுக்கும். யூவிஎம்_நோ_டிபிஐ போட்டு இதைத் தாண்டிடலாம்னு தோணும். போட்டா பேக்டோர் மொத்தமும் போச்சு.

உங்க நாலாவது பிரச்சினைக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு மேலே சொன்ன டிபிஐ பகுதி சரியாக் கட்டப்படாதது. இன்னொண்ணு ஆப்டிமைசேஷன். க்வெஸ்டால விஆப்ட்ங்கிற ஆப்டிமைசர் யாரும் தொடலன்னு நினைக்கிற சிக்னலைக் கரைச்சிடும், அப்புறம் பேர் சொல்லித் தேடினா கிடைக்காது. பேக்டோர் பாதை வெறும் ஸ்ட்ரிங், அதனால கம்பைலருக்கு அது தெரியாது. விசிஎஸ்ல -டீபக்_ஆக்சஸ், க்வெஸ்டால +ஏசிசி, எக்ஸ்செலியத்துல -ஆக்சஸ் +ஆர்டபிள்யூசி. இதை முழு டிசைனுக்கும் திறந்துவிட்டா வேகம் நல்லாவே அடிவாங்கும். முதல்ல முழுசாத் திறந்து டெஸ்ட் பாஸ் ஆகுதான்னு பாருங்க. பாஸ் ஆனா காரணம் இதுதான்னு தெரிஞ்சுடும். அப்புறம் ரெஜிஸ்டர் பிளாக்குக்கு மட்டும் சுருக்குங்க. ஜெனரேட் பிளாக் வழியாப் போற பாதைகளையும் பாருங்க. பேர் வைக்காத ஜெனரேட் பிளாக்குக்கு ஜென்பிளாக்1 மாதிரி பேர் விழும், நடுவுல ஒரு பிளாக் சேர்ந்தா எண் நகரும்.

விசிஎஸ்ஸுக்கே உரிய டாஸ்க், க்வெஸ்டாவோட இனிட்_சிக்னல்_ஸ்பை மாதிரியானது கோடுல இருந்தா எடுத்துடுங்க. யூவிஎம்_எச்டிஎல்_ஃபோர்ஸ், யூவிஎம்_எச்டிஎல்_டெபாசிட், யூவிஎம்_எச்டிஎல்_ரீட் மூணுமே எல்லாத்துலயும் இருக்கு.

நிக்கிற ஜாப்: விசிம் -சி முறையில (க்வெஸ்டாவைக் கட்டளைவரியில ஓட்டுறது) ஓடும்போது $ஸ்டாப்போ ஃபேட்டலோ வந்தா ப்ராம்ப்ட்ல போய் உட்கார்ந்துடும். விசிஎஸ் உருவாக்குற சிம்வி தானா ஓடி முடியிற பழக்கத்துல எழுதின ஸ்கிரிப்ட் அதை எதிர்பார்க்காது. -டூ வரியில ஆன்பிரேக், ஆன்எரர் ரெண்டுக்கும் க்விட் -எஃப் வெச்சு, அப்புறம் ரன் -ஆல், கடைசியில க்விட் -எஃப். ஸ்டாண்டர்ட் இன்புட்டை /டெவ்/நல் பக்கம் திருப்பிடுங்க. எக்ஸ்செலியத்தோட எக்ஸ்ரன்னுக்கு -எக்ஸிட் கொடுங்க. பாஸா ஃபெயிலாங்கிறதை எக்ஸிட் கோடை வெச்சு முடிவு பண்ணாதீங்க. "எரர்"ங்கிற சொல்லை லாக்ல தேடுறதும் சரிவராது, ஒவ்வொரு கருவியும் அதை ஒவ்வொரு மாதிரி அச்சிடுது. ரிப்போர்ட் சர்வர்கிட்ட யூவிஎம்_எரர், யூவிஎம்_ஃபேட்டல் எண்ணிக்கையைக் கேட்டு, ஃபைனல் ஃபேஸ்ல நீங்களே ஒரு வரி அச்சிடுங்க. அந்த வரி இல்லாத லாக் ஃபெயில். நடுவுல செத்துப்போன ஜாப் பாஸ்னு பதிவாகாது.

டிபிஐ-க்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: கருவி உருவாக்கித் தர்ற ஹெடரை உங்க சி ஃபைல்ல இன்க்ளூட் பண்ணுங்க. விசிஎஸ் அதைத் தானாவே எழுதும், மத்த ரெண்டுலயும் -டிபிஐஹெடர். இப்போ புரோட்டோடைப் தப்பா இருந்தா சி கம்பைலரே நிறுத்தும். ஹெடர் இல்லாம, பிட் திரும்பித் தர்ற ஃபங்ஷனை சி-யில இன்ட்னு எழுதியிருந்தா ஒரு கருவியில அதிர்ஷ்டத்துல ஓடும், இன்னொண்ணுல குப்பை வரும். சி-யிலிருந்து எக்ஸ்போர்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டா இம்போர்ட் வரியில கான்டெக்ஸ்ட் கட்டாயம். சி++ இருந்தா எக்ஸ்டர்ன் "சி". லைப்ரரி லோட் ஆகும்போது ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் பதிப்பு கிடைக்கலைன்னு வந்தா, அந்தக் கருவி கூட வர்ற ஜிசிசி-யிலயே .எஸ்ஓ-வை மறுபடி கட்டுங்க.

ஃபைல்லிஸ்ட்டை பெரிய எஃப் ஆப்ஷன்ல கொடுங்க, சின்ன எஃப் வேண்டாம். பெரிய எஃப்னா பாதைகள் அந்த லிஸ்ட் இருக்கிற டைரக்டரியிலிருந்து எண்ணப்படும், எங்கிருந்து ஓட்டினாலும் ஒண்ணுதான். வெளியில வாங்கின விஐபி (தயாரா வர்ற சோதனைப் பகுதி) என்க்ரிப்ட் ஆகி வந்திருந்தா அதை விக்கிறவங்ககிட்ட க்வெஸ்டா, எக்ஸ்செலியம் ரெண்டுக்கும் உரிய பேக்கேஜை இப்போவே கேட்டுவைங்க. அது வர்ற வரைக்கும் நீங்க என்ன செஞ்சாலும் அந்த ஏஜென்ட் நகராது.

---

பஸ்_மானிட்டர்:

மானிட்டரில் சொன்னது அப்படியே இருந்தது; @(விஐஎஃப்.சிபி) ஆக்கியதும் சரியாகிவிட்டது. டைம்அவுட்டும் தீர்ந்தது. பேக்டோரில் +ஏசிசி-தான் காரணம். மிகவும் நன்றி.

இப்போது எக்ஸ்செலியத்தையும் சேர்த்துப் பார்த்ததில் மூன்று மிச்சம். இன்டர்ஃபேஸுக்குள் உள்ள ஒரு டாஸ்கில் இன்ட் கவுன்ட் = 0 என்ற வரிக்கு, ஸ்டாட்டிக் என்றோ ஆட்டோமேட்டிக் என்றோ எழுதச் சொல்லி க்வெஸ்டாவில் எரர். ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வேரியபிளில் எண்ணைப் போடும் இடங்கள் எக்ஸ்செலியத்தில் எரர், விசிஎஸ்ஸில் எச்சரிக்கை. ஒரு கருவியில் மட்டும் நேரம் 0-க்கு முன்பே நல் ஆப்ஜெக்ட் (இன்னும் உருவாக்காத ஆப்ஜெக்டைத் தொடும்) பிழை. ஆறாவது கேள்வி, சீட், அதுவும் அப்படியே இருக்கிறது.

---

டெல்டா_சைக்கிள்:

கவுன்ட் வரியில் அவசரப்பட்டு ஸ்டாட்டிக் என்று எழுதிவிடாதீர்கள். எரர் போகும், பிழை தங்கிவிடும். மாட்யூல், இன்டர்ஃபேஸ் டாஸ்குகள் இயல்பாகவே ஸ்டாட்டிக்; அந்த = 0 சிமுலேஷன் தொடங்கும் முன் ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. டாஸ்கை இரண்டாம் முறை அழைத்தால் கவுன்ட் பழைய மதிப்போடு தொடங்கும். எழுதியவர் நினைத்தது ஒவ்வொரு அழைப்பிலும் 0 என்றால் (பெரும்பாலும் அப்படித்தான்) டாஸ்கையே ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அதன்பின் விசிஎஸ்ஸில் ஏதாவது டெஸ்டின் நடத்தை மாறினால், அந்த டெஸ்ட் இத்தனை நாளும் தவறாக ஓடியிருக்கிறது என்று பொருள்.

ஈனம் விஷயத்தில் எக்ஸ்செலியம் சொல்வதே தரநிலை. வெறும் எண்ணை ஈனத்தில் போட காஸ்ட் வேண்டும். ரெஜிஸ்டரிலிருந்து வந்த எண் என்றால் $காஸ்ட் போட்டு, அது திருப்பித் தரும் மதிப்பைச் சோதியுங்கள். டைப்'() காஸ்ட் பட்டியலில் இல்லாத மதிப்பையும் உள்ளே விட்டுவிடும். எரரை ஆப்ஷன் கொடுத்து அடக்க வேண்டாம்.

நல் பிழை: ஸ்டாட்டிக் வேரியபிள்களின் துவக்க மதிப்புகள் இனிஷியல் பிளாக்குகளுக்கு முன் நடந்துமுடியும் என்பது உறுதி. அவற்றுக்குள் எது முதலில் என்று தரநிலை சொல்லவில்லை. ஒரு பேக்கேஜில் ரெஜிஸ்ட்ரி ஆப்ஜெக்டை = நியூ என்று அறிவித்து, இன்னொரு கிளாஸின் ஸ்டாட்டிக் துவக்கம் அதைத் தொட்டால் இப்படித்தான் ஆகும். அந்த வேரியபிளை நேரடியாகத் தொடுவதை நிறுத்திவிட்டு ஒரு கெட் ஃபங்ஷன் எழுதுங்கள்: உள்ளே நல் என்றால் உருவாக்கு, பிறகு திருப்பிக் கொடு. அறிவிப்பில் = நியூ இருக்கக் கூடாது. விட்டுவைத்தால் கெட் உருவாக்கிய ஆப்ஜெக்டைப் பின்னால் வரும் துவக்கம் அழித்து எழுதிவிடும். முன்பு பதிவானவை காணாமல் போகும்.

சீட் பற்றி: பொருந்தாது, பொருத்த முயலவும் வேண்டாம். $ரேண்டத்தின் அல்காரிதம் தரநிலையில் சி கோடாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. $யுரேண்டம், ஷஃபிள், கன்ஸ்ட்ரெய்ன்ட் சால்வர் எல்லாம் கருவியின் சொந்தம். ஆப்ஷன் பெயரே வேறு: விசிஎஸ்ஸில் +என்டிபி_ரேண்டம்_சீட், க்வெஸ்டாவில் -எஸ்வி_சீட், எக்ஸ்செலியத்தில் -எஸ்விசீட்.

விசிஎஸ்ஸில் ஒரு குறிப்பிட்ட சீட் பிடித்த பழைய டிசைன் பிழையைப் புதிய கருவியிலும் பிடிக்க வேண்டுமானால், டிரைவருக்குள் வரும் ஒவ்வொரு ஐட்டத்தையும் ஃபைலில் எழுதுங்கள்: நேரம், அட்ரஸ், டேட்டா, திசை, ஒவ்வொன்றும் தனித்தனி %எச் ஆக. %பி பயன்படுத்தாதீர்கள், அதன் அச்சு வடிவம் கருவிக்குக் கருவி மாறும். பிறகு $எஃப்ஸ்கேன்எஃப் வைத்து அதை வாசித்து அனுப்பும் ஒரு சீக்வென்ஸ். இது சீட் இல்லாத நேரடி டெஸ்ட்; மூன்றிலும் ஒன்றுபோல ஓடும். ரேஸ் மிச்சம் இருந்தால் இங்கேதான் வெளுத்துவிடும், ஏனென்றால் ஸ்டிமுலஸ் ஒன்றாக இருந்தும் விடை மாறினால் வேறு சாக்கு சொல்ல இடமில்லை.

ரேண்டமைஸ் அழைப்பு ஒவ்வொன்றின் விடையையும் சோதித்து, 0 என்றால் யூவிஎம்_ஃபேட்டல் போடுங்கள். தோற்ற ரேண்டமைஸ் ஆப்ஜெக்டைப் பழைய மதிப்புகளோடு விட்டுவிடும். அதைப் பற்றி எவ்வளவு உரக்கச் சொல்வது என்பதிலும் கருவிகள் வேறுபடுகின்றன.

---

கவர்_பின்:

கவரேஜ் (டிசைனில் எவ்வளவு சோதிக்கப்பட்டது என்ற அளவு) பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன். கவரேஜ் டேட்டாபேஸ்களான விசிஎஸ்ஸின் விடிபி-யும் க்வெஸ்டாவின் யூசிடிபி-யும் நேரடியாக மெர்ஜ் ஆகாது. அக்செலெரா அமைப்பு 2012-இல் யூசிஐஎஸ் 1.0 என்ற பொதுவான கவரேஜ் தரநிலையை வெளியிட்டிருந்தாலும், அதை நம்பி ஒரு ரெக்ரஷனைப் பாதி இங்கே பாதி அங்கே ஓட்டிச் சேர்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு மைல்கல்லுக்கு ஒரு கருவியின் டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு கவரேஜ் சதவீதத்தை இரு கருவிகளுக்கிடையே ஒப்பிடுவதில் பயனில்லை. எக்ஸ்பிரஷனை எண்ணும் முறையே வேறு. ஃபங்ஷனல் கவரேஜை ஒப்பிடலாம், ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டு, எந்த பின் (bin, மதிப்புகளை எண்ணும் பெட்டி) அடிபடவில்லை என்ற பட்டியலை ஒப்பிடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு கவர்குரூப்பிலும் ஆப்ஷன்.பெர்_இன்ஸ்டன்ஸ், டைப்_ஆப்ஷன்.மெர்ஜ்_இன்ஸ்டன்சஸ் இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். ஒரே கவர்குரூப்பை ஏழு ஏஜென்ட்களும் பயன்படுத்தினால், இன்ஸ்டன்ஸ்களின் சராசரியா அல்லது ஒன்றிணைந்த பின்களா என்பதில் மொத்த எண் தலைகீழாக மாறும். 32 பிட் அட்ரஸுக்கு பின்களை எழுதாமல் விட்டிருந்தால் ஆட்டோ_பின்_மேக்ஸ் இயல்புநிலையான 64 பின்களாகத்தான் பிரியும். அதையும் கையால் எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று: லைசென்ஸ் வரிசையில் நிற்காமல் இந்தத் தரநிலைப் பிழைகளை முன்கூட்டியே பிடிக்க, திறந்தமூலக் கருவியான ஸ்லாங்கில் முழு ஃபைல்லிஸ்ட்டையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஈனம், ஸ்டாட்டிக், அறிவிக்கும் முன் பயன்படுத்துதல் போன்றவற்றை அது கறாராகச் சொல்லும். டிசைன் ஃபைல்களுக்கு வெரிலேட்டரின் -லின்ட்-ஒன்லி போதும். வெரிலேட்டரில் டெஸ்டையே ஓட்டிப் பார்க்க நினைத்தால், எக்ஸ் மதிப்பை அது மற்ற மூன்றையும்போலப் பரப்பாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் ஆகாத ஃப்ளாப் அங்கே வெறும் 0 ஆகவோ 1 ஆகவோ தெரியும்.